முதுகில் தூக்கணாங்குருவி

கல்லூரி முதல்வர் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடும்வரை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எதிரே இருக்கிற திரையைப் பார்க்காமல் இருக்க முடிந்தால் நன்றாயிருக்கும், ஆனால் இந்த அறையில் பார்க்க வேறு எதுவும் இல்லை. மாலை போட்ட நிறுவனர் படம், பிளாஸ்டிக் ரோஜாத் தொட்டி, நிர்வாக அலுவலர் கனகவேலின் மேஜை, மேஜைமேல் ஒரு மைக், அவர் தலைக்கு மேலே சுவரில் அந்தத் திரை. அது கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கல்லூரியின் ஒரு துண்டு, ஒரு படிக்கட்டு, ஒரு வராந்தா, கேன்டீன் வாசல், நூலகத்து நடை. ஆட்கள் குட்டை குட்டையாக நடக்கிறார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈர விரலால் தேய்த்தது போல ஒரு கலங்கல். யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் பறவைகள் தெரிகின்றன. நான் வரைந்த பறவைகள். செவ்வரளிப்பூ நிறத் துணியில் மஞ்சள் பறவை, கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகை அடைத்துக்கொண்டு. ஒரு மரங்கொத்தி படியேறுகிறது. ஒரு மைனா கதவைத் தள்ளிக்கொண்டு போகிறது. உள்ளே வந்து இதை முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும், நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, எத்தனை பேர், எவ்வளவு நிறம், எல்லாம் என் கையிலிருந்து போனவை. அப்போதுதான் கனகவேல் பேசினார். நல்ல மனிதர். நான் வந்ததும் டீ சொன்னார், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். "மேடம், உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். முன்னாடி எல்லாருக்கும் ஒரே மண் கலர் கோட்டு. ஸ்கிரீன்ல பாத்தா சாக்கு மூட்டை நடந்து போற மாதிரி இருக்கும். எந்த டிபார்ட்மென்ட்டுன்னு நான் யோசிக்கறதுக்குள்ள ஆள் போயிருப்பாங்க. இப்ப பாருங்க." மைக்கை இழுத்துத் தட்டினார். "மீன்கொத்தி... சாரி, எலக்ட்ரிகல் மேடம், ரெண்டாவது மாடிப் படிக்கட்டு, போன் பேசினது போதும், கிளாசுக்குப் போங்க." திரையில் ஒரு மீன்கொத்தி துள்ளியது. அந்தப் பெண் மேலே பார்த்தாள், பின்னால் பார்த்தாள், கீழே பார்த்தாள், பிறகு முந்தானையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடினாள். "எங்கேயிருந்து பாக்கறோம்னே தெரியாம தேடறாங்க பாருங்க," என்று கனகவேல் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன்? டீ வாங்கிக் கொடுத்தவர் சிரித்தால் கூடச் சிரிப்பது பழக்கம். வாய் தானாக விரிந்துவிட்டது. விரிந்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் டீயைக் குடித்தேன், அது நாக்கைச் சுட்டது, இப்போதும் நாக்கு நுனி மரத்திருக்கிறது. இந்தக் கோட்டு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. இந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் பாடம் நடத்துகிற பெண்கள் புடவைக்கு மேலே ஒரு கோட்டு போட வேண்டும், கழுத்திலிருந்து முட்டிவரை, முன்பக்கம் பட்டன் வைத்து. ஆண்களுக்குக் கிடையாது. எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். நிறம் மண்ணாக இருக்கும், இல்லாவிட்டால் சாம்பலாக. முதல்முறை ஒரு கல்லூரிப் பேருந்து நிறைய அப்படிப் பெண்களைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அந்தக் கோபத்தில்தான் இந்த வேலையை எடுத்தேன். மறைக்கச் சொல்கிறீர்களா, சரி, மறைக்கிற துணியே கூச்சல் போடட்டும். மதுரையில் என் கடைக்குப் பெயரே 'அடர்'. அங்கே ஒரு விதிதான், விரல்நுனி அளவுகூடத் துணியில் வெற்றிடம் விடக் கூடாது. ஆடிட்டருக்குக் கிளிகள் நெரிசலாக உட்கார்ந்த ஜாக்கெட். பல் டாக்டருக்கு அன்னாசிப் பழம். வங்கி மேலாளருக்கு யானைக்காது போல இரண்டு காலர். "அந்தக் கிளியைப் போட்டுக்கிட்டுப் போற அன்னிக்கு ஒருத்தனும் நான் பேசும்போது குறுக்க பேசறதில்ல தமயந்தி," என்று அந்த ஆடிட்டர் சொன்னாள். அது பொய்யில்லை. அவள் அதைச் சொன்னபோது கண் கலங்கினாள். ஒரு பெண்கள் பத்திரிகையிலிருந்து வந்து பேட்டி எடுத்தபோது நான் சொன்னேன், என் துணியைப் போட்டவளைப் பார்க்காமல் யாரும் கடந்துபோக முடியாது என்று. அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டார்கள். பார்க்காமல் யாரும் கடந்துபோக முடியாது. திரையில் ஒரு மரங்கொத்தி நின்று செருப்பு வாரைச் சரிசெய்கிறது. கனகவேல் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். அந்த ஆடிட்டரைப் பார்ப்பவர்களுக்கு அவள் முகம் தெரியும், இவளைப் பார்ப்பவருக்கு முதுகுதான் தெரிகிறது. முதுகில் வைத்தது யார்? நான்தான். அதற்கும் காரணம் வைத்திருந்தேன். முன்பக்கத்தைப் பட்டன் வரிசை இரண்டாக வெட்டிவிடும், பக்கவாட்டில் தையல் வெட்டும், முதுகு ஒன்றுதான் ஒரே துண்டு, அங்கேதான் ஒரு பறவை முழுசாக உட்காரும். தையல் தெரிந்த யாரும் அப்படித்தான் வைப்பார்கள். அளவு பார்க்கும்போது நான் எப்போதும் அவர்கள் பின்னால்தான் நிற்பேன், எனக்கு அழகாகத் தெரிந்தது. போட்டிருப்பவளுக்கு மட்டும் அது தெரியவே தெரியாது. அந்தப் படிக்கட்டுப் பெண் தன்னை எது காட்டிக்கொடுத்தது என்று சுவரிலெல்லாம் தேடினாள்.

இல்லை, முதுகில் வைத்ததுகூடப் பெரிய தப்பில்லை. இதைச் சுற்றிச் சுற்றி வருவதே வேறொன்றுக்குப் போகாமல் இருக்கத்தான். துறைக்கு ஒரு பறவை என்று சொன்னது யார்? யாரும் கேட்கவில்லை. முதல்வர் கேட்கவில்லை, நிர்வாகம் கேட்கவில்லை. அவர்கள் மண்ணுக்குப் பதிலாக நீலம் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். நான்தான் படங்களை நீட்டி வைத்தேன், கட்டுமானத் துறைக்குக் கூடு கட்டுகிற தூக்கணாங்குருவி, இயந்திரத் துறைக்கு மரங்கொத்தி, மின்துறைக்கு மீன்கொத்தி. கணினித் துறைக்கு முதலில் ஆந்தை போட்டிருந்தேன், ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறார்களே என்று. அந்தத் துறைப் பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். "மேடம், ஆந்தைய முதுகுல சுமந்துக்கிட்டு நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக முடியுமா?" "ஏன்டி, இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு எவடி கல்யாணத்துக்குப் போவா?" "எங்க மாமியாருக்கு நானே ஆந்தைதான், தனியா வேற எதுக்கு?" அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம். ஆந்தையை மைனாவாக மாற்றினேன். அந்தப் படங்களை முதல்வரிடம் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை, பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார், வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது, அவர் உதடு அந்த வார்த்தைக்குக் குவிந்தேவிட்டது. அப்போதுதான் நான் சொன்னேன், "தூரத்துல இருந்தே தெரியும், சார்." பேனா நின்றது. நின்றதை நான் பார்த்தேன். அழகு என்று சொன்னபோது நிற்காத பேனா, தன்னம்பிக்கை என்று சொன்னபோது நிற்காத பேனா, தெரியும் என்றதும் நின்றது. நான் என்ன செய்தேன்? இன்னொரு தடவை சொன்னேன். "நடைக்கு அந்தக் கோடியில நின்னாலும் எந்தத் துறைன்னு சொல்லிடலாம், சார்." எனக்கு இந்தக் கேமராக்கள் தெரியாது, இந்த அறைக்குள் அப்போது வந்ததே இல்லை, அது உண்மை. ஆனால் பேனா எதற்கு நின்றது என்பதுகூடவா தெரியாது? தெரிந்திருக்கும். ஏதோ ஒரு மூலையில் தெரிந்துதான் இரண்டாம் தடவை சொல்லியிருப்பேன். தெரியாமல் சொல்லியிருந்தால் ஒரு தடவையோடு நிறுத்தியிருப்பேன்.

இன்றைக்கு நான் கட்டியிருப்பது வெறும் சாம்பல் நிறப் புடவை. புது ஆர்டர் பேச வருகிறோம், கொஞ்சம் அடக்கமாகப் போவோம் என்று காலையில் எடுத்தேன். என்னைத் திரையில் பார்த்தால் சுவரோடு சுவராக இருப்பேன். தூக்கணாங்குருவி. மேலே இடது ஓரக் கட்டத்தில் ஒரு தூக்கணாங்குருவி நடையில் போகிறது. வேகமும் இல்லை, மெதுவும் இல்லை, யாரோ பார்த்தால் வேலையாகப் போவது போலத் தெரிய வேண்டும் என்று நினைத்து நடக்கிற நடை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இடது தோள் இறங்கிய பெண்ணுக்கு நான் அளவெடுத்திருக்கிறேன், கோட்டில் அந்தப் பக்கம் மட்டும் ஒரு பட்டை உள்ளே வைத்துத் தைத்தேன். ஜெசிந்தா. கட்டுமானத் துறை. அவளுக்கு மார்பு அளவு எடுக்கும்போது டேப் நனைந்துவிட்டது. என்ன ஈரம் என்று நான் விரலைப் பார்த்தேன், அவள் இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டாள். "மன்னிச்சிருங்கக்கா, மன்னிச்சிருங்க, டேப்பைக் கழுவித் தந்துர்றேன்." குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து, குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பதினொரு மணி ஆனால் பால் கட்டிக்கொண்டு கல் மாதிரி வலிக்கும். முதல்முறை கனகவேலிடம் அனுமதி கேட்டாளாம். "இதெல்லாம் புள்ள வளர்ந்தப்புறம் வேலைக்கு வந்திருந்தா பிரச்சினையே இல்லையேம்மா," என்று எல்லார் முன்னாலும் தமாஷாகச் சொன்னாராம். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பழைய டிராயிங் ஹால் பூட்டாமல் கிடக்கிறது, அதற்குள் போய்ப் பீய்ச்சிவிட்டு வந்துவிடுவாள். "மண் கலர் கோட்டுல நனைஞ்சா திட்டு திட்டாத் தெரியுதுக்கா. பசங்க முன்னாடி நின்னு போர்டுல எழுத முடியல, திரும்பவே பயமா இருக்கு. உங்க துணியில தெரியாதுல்ல?" தெரியாது ஜெசி, ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாலும் தெரியாது, இதற்குத்தான் இத்தனை இலையும் பூவும் என்று சொன்னேன். சொன்ன மாதிரியே தெரியவில்லை. நெஞ்சில் நனைந்தது தெரியாமல் இருக்க முன்பக்கம் முழுக்க இலை வைத்தேன். பின்பக்கம் குருவி வைத்தேன். அந்தக் குருவி இப்போது டிராயிங் ஹால் கதவைத் திறந்து உள்ளே போகிறது. கதவு மூடுகிறது. கட்டம் காலியாகிறது. நான் மூச்சு விடுகிறேன், விட்ட மூச்சு கனகவேலுக்குக் கேட்டிருக்குமோ என்று உடனே இருமுகிறேன். "பாத்தீங்களா?" என்றார் கனகவேல். எதை, என்று கேட்டேன். "அந்தத் தூக்கணாங்குருவி. தெனமும் இந்த நேரத்துக்கு அந்த ஹாலுக்குள்ள போகுது. எதுக்குன்னு தெரியல. தூங்கறாங்களோ, போன் பேசறாங்களோ. சிவில்ல நாலு மேடம் இருக்காங்க, எந்தக் குருவின்னுதான் புரியல. நான் மேல ஏறிப் போறதுக்குள்ள பறந்துடுது." மறுபடி சிரித்தார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை, ஆனால் வாய் கொஞ்சம் அசைந்தது, அதை நான் உணர்ந்தேன். "அதுக்குத்தான் மேடம் உங்களை வரச் சொன்னது. புதுக் கோட்டுல பறவைக்குக் கீழ பெருசா ஒரு நம்பர். கபடி டீம் மாதிரி. என் ஐடியாதான். சாருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

நம்பர். அப்படியென்றால் தூக்கணாங்குருவி மூன்று, டிராயிங் ஹாலில் என்ன செய்கிறீர்கள் என்று இந்த மைக் கேட்கும். எல்லா மாடியிலும் எல்லா வகுப்பிலும் கேட்கும். பசங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் என்ன பதில் சொல்வாள்? எழுந்து போய்விடலாம். ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனால் வேறு யாராவது நம்பரை அச்சடித்துக் கொடுப்பார்கள், அதற்கு நான் தேவையில்லை, ஒரு பெயின்ட்டும் நம்பர் வெட்டிய தகடும் போதும். உள்ளே போய் உள்ளதைச் சொல்லலாம். சார், அந்தப் பெண் பால் பீய்ச்சப் போகிறாள் என்று. சொன்னால் அவள் மானம் என் வாயால் போகும், கனகவேல் வாயால் போவதற்குப் பதிலாக. துணியைப் பற்றித்தான் ஏதாவது சொல்ல வேண்டும், எனக்குத் துணியைப் பற்றிப் பேசத்தான் உரிமை இருக்கிறது. சாயம் போகிறது என்று சொன்னால்? இரண்டு துவைப்பில் பறவை வெளுத்துவிடுகிறது, கழுத்தில் ஒட்டுகிறது, தோல் அரிக்கிறது, எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால்? என் துணியில் சாயம் போகாது. அதற்காக எத்தனை சாயக் கொப்பரையைக் கீழே கொட்டியிருக்கிறேன். சாயப்பட்டறைக்காரர்களோடு சண்டை போட்டு, உப்பும் சூடும் அளவு பார்த்து, வெயிலில் காயவைத்து, மறுபடி நனைத்து. ஊரில் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள், கண்ணைக் குத்துகிற நிறம், கோமாளித்தனம், ஆனால் சாயம் போகும் என்று யாரும் சொன்னதில்லை. அதை நானே சொல்லப் போகிறேனா? கதவு திறந்தது. "மேடம், சார் கூப்பிடறார்," என்று கனகவேல் எழுந்து எனக்கு முன்னால் நடந்தார்.

முதல்வர் அறையில் ஏசி. சுட்ட நாக்குக்கு அது இதமாக இருந்தது, இந்த நேரத்தில் இதம் தெரிகிறதே என்று அதற்கும் கூசியது. உட்காருங்கள் என்றார். நான் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்ல வராது. "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தச் சாயம் நிக்காது. பறவை எல்லாம் வெளுத்துரும். என் கவனக்குறைவுதான். எல்லாக் கோட்டையும் திரும்ப எடுத்துக்கிட்டுப் பறவை இல்லாம வெறும் பூவா போட்டுத் தந்துடறேன், சார்." என் குரல் யாருடையதோ போல இருந்தது. முதல்வர் பேனாவை உருட்டினார். "அப்படியா? பாத்தா அப்படித் தெரியலயே. கனகவேல், சிவில்ல யாராவது ஒருத்தரை வரச் சொல்லுங்க, போட்ட துணியப் பாத்துருவோம்." சிவில் ஏன்? டிராயிங் ஹால் சந்தேகம் அவர் மனசில் இருக்கிறது, அதனால் அந்த வார்த்தை வாயில் முதலில் வந்திருக்கும். வெளியே மைக் கரகரத்தது. சிவில் மேடம் யாராவது ஒருவர் முதல்வர் அறைக்கு. நான் கதவைப் பார்க்காமல் மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன், அதற்குள் ஒரு கண்ணாடிப் பூ, அதைச் சுற்றிக் குமிழிகள், நாலு பேர் இருக்கிறார்களே, வேறு மூன்று பேர் இருக்கிறார்களே, ஒருத்தி வகுப்பில் இருந்தாலும் இரண்டு பேர், குமிழிகளை எண்ணப் பார்த்தேன், எண்ண முடியவில்லை. வந்தது அவள்தான். டிராயிங் ஹால் பக்கத்துப் படியில் இறங்கி வந்திருப்பாள். மூச்சு வாங்கியது. மேல் பட்டன் ஒன்று துளை மாறிப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது, இங்கே பயந்துகொண்டு வந்தவள் உள்ளே வீட்டு மனுஷியைப் பார்த்தது போல. "ஏம்மா, இந்தக் கோட்டு சாயம் போகுதா? மேடம் போகுதுன்னு சொல்றாங்க," என்றார் முதல்வர். அவள் திகைத்து என்னைப் பார்த்தாள். போகுது என்று சொல், ஜெசி, சொல்லிவிடு, என்று நான் கண்ணால் கெஞ்சினேன். என்னைத் திட்டுகிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். "ஐயோ, இல்லவே இல்ல சார். நான் தெனமும் துவைக்கறேன், தெனமும், ஒரு பொட்டுகூடப் போகல. யார் சார் சொன்னது? அக்கா வேலை அப்படி இருக்காது சார். எத்தனை தடவை நனைஞ்சாலும் புதுசு மாதிரி இருக்கு." கையை நீட்டி, கைமடிப்பைத் திருப்பி, உள்பக்கத்தைக் காட்டினாள். நல்ல வேலை. நான் பார்த்தேன். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே நிறம்.

முதல்வர் சிரித்தார். "கேட்டீங்களா மேடம்? நீங்க ரொம்ப அடக்கமாப் பேசறீங்க. பயப்படாதீங்க, ஆர்டர் உங்களுக்குத்தான்." பிறகு அவளிடம் திரும்பி, உதவி செய்த பிள்ளைக்கு விஷயத்தைச் சொல்வது போல அன்பாகச் சொன்னார், "வேற ஒண்ணுமில்லம்மா, அடுத்த கோட்டுல பறவைக்குக் கீழ நம்பர் போடப் போறோம். கேமராவுல ஆள் தெரியணும்ல. உங்க டிபார்ட்மென்ட்டுலயே யாரோ ஒருத்தங்க தெனமும் அந்தப் பழைய ஹாலுக்குள்ள போறாங்களாம், கனகவேல் பாத்துக்கிட்டே இருக்கார்." அவள் கை பட்டனுக்குப் போனது. துளை மாறிய பட்டனை விரல் கண்டுபிடித்தது, ஆனால் அதைச் சரிசெய்யவில்லை, அப்படியே மூடிக்கொண்டு நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அக்காவுக்குத் தெரியும், அக்கா இதற்காகத்தான் பொய் சொன்னாள், நான்தான் கெடுத்தேன் என்று அவள் ஒவ்வொரு படியாக இறங்கிப் புரிந்துகொள்வது தெரிந்தது. அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது, பறவையை முதுகில் வைத்தது யார் என்று, அங்கே அவள் வந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "சொல்லுங்க மேடம், நம்பர் என்ன கலர்ல போடலாம்? அது உங்க கைலதான் இருக்கு," என்றார் முதல்வர். அரளி நிறத்தின் மேல் மஞ்சள் பளீரென்று நிற்கும், வெள்ளை அதைவிட நிற்கும், என் மூளை கேட்காமலே பதில்களை எடுத்து அடுக்கியது, நாய்க்குட்டி பந்தைக் கொண்டுவந்து போடுவது போல. "அரக்கு, சார்," என்றேன். "நல்ல அடர் அரக்கு. அதுதான் எடுப்பா இருக்கும்." அரளியில் அரக்கு முழுகிப் போகும். பக்கத்தில் நின்று பார்த்தாலே கண்ணைச் சுருக்க வேண்டும், இந்தக் கேமராவில் வெறும் நிழலாகத் தெரியும். கடையில் முதல் மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண்கூட இப்படிச் சொல்ல மாட்டாள். முதல்வர் அவளைப் பார்த்தார், "என்னம்மா, நல்லா இருக்குமா?" அவளுக்கு நிறம் தெரியும், அளவெடுத்த அன்று என் துணிகளைப் புரட்டி, எது எதோடு நிற்கும் என்று என்னையே திருத்தியவள். அவள் குனிந்து தன் கோட்டின் நிறத்தைப் பார்த்தாள். "அக்கா சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்," என்றாள். சரிம்மா, போயிட்டு வாங்க என்றார் அவர். அவள் திரும்பவில்லை. முகத்தை எங்கள் பக்கமே வைத்துக்கொண்டு, ஒரு கையால் பின்னால் காற்றைத் துழாவி, நாற்காலியில் இடித்து, அதையும் பார்க்காமல் விலகி, பின்னாலேயே நடந்து கதவைத் தொட்டு, திறந்து, வெளியே போனாள். கடைசிவரை அவள் முதுகு எங்களுக்குத் தெரியவில்லை. "பாத்தீங்களா மேடம்," என்றார் முதல்வர், "நம்ம ஸ்டாஃபுக்கு என்ன மரியாதை." நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.